சொன்னவர் வேறு, எழுதியவர் வேறு

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் மாலை நேரக் கணக்கியல் வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், நாற்பதைத் தாண்டியவர்களும் இருப்பார்கள். பகலெல்லாம் மருந்துக்கடையிலோ, சரக்குக் கிடங்கிலோ, பல் மருத்துவரின் வரவேற்பு மேசையிலோ வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் பலர். இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ 60 கிரெடிட்டுகள். முடித்தால் 'அசோசியேட்' பட்டம். நான்காண்டுப் பட்டத்துக்குப் பாதிவழி என்று நினைத்துச் சேர்பவர்களும் உண்டு. ஆனால் கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொள்ள வருபவர்களுக்கு இந்தப் படிப்பே போதும். சிறு நிறுவனங்களின் வரவு செலவு, சம்பளப் பட்டியல், விற்பனை வரி, வங்கிக் கணக்கு எல்லாம் இவர்கள் கைக்குத்தான் வந்து சேரும்.

முதல் பருவத்திலேயே இருப்பாய்வுப் பாடம் வந்துவிடும். பேரேட்டின் பற்று இருப்புகளை ஒரு பக்கமும் வரவு இருப்புகளை மறுபக்கமும் எழுதிக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தேடல் தொடங்கும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 540 டாலரை ஒருவர் 450 என்று எழுதியிருப்பார், வித்தியாசம் 90. வித்தியாசம் இரண்டால் வகுபட்டால், அதில் பாதித் தொகை பக்கம் மாறி விழுந்திருக்கலாம். இப்படித் தேடிப் பிடித்து, கடைசியில் இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்து நிற்கும்போது மாணவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி சாதாரணமானதல்ல.

அந்த நிம்மதியை அடுத்த பாடம் கலைத்துவிடும். இருப்பாய்வு ஒத்துப்போனாலும் கணக்கு தவறாக இருக்கலாம் என்பதுதான் அந்தப் பாடம். ஒரு நடவடிக்கையை எழுதாமலே விட்டிருந்தால் அது விடுபிழை, இருப்பாய்வில் தெரியாது. ஒரு தவறை இன்னொரு தவறு சரிக்கட்டினால் அது ஈடுசெய் பிழை, அதுவும் தெரியாது. கடை வேனுக்குப் போட்ட பெட்ரோல் செலவை, வேன் என்ற சொத்துக் கணக்கிலேயே பற்று வைத்தால் அது விதிப்பிழை. செலவு சொத்தாகிவிட்டது, லாபம் கூடிவிட்டது. கூட்டுத்தொகை மட்டும் ஒரு காசு பிசகாமல் நிற்கிறது.

பற்றும் வரவும் ஒத்துப்போவது, எழுதியவை ஒன்றோடொன்று முரண்படவில்லை என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. நடந்ததைத்தான் எழுதினார்களா என்பதற்கு அது பொறுப்பேற்காது. அந்தப் பொறுப்பு எழுதுகிறவருடையது. அவரோ பெரும்பாலும் முதலாளி அல்ல. இன்னொருவர் சொல்ல எழுதுகிறவர், மாதச் சம்பளத்துக்கு எழுதுகிறவர். பொய்யை எழுதச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்றால் பாவம் யாரைச் சேரும்? சமய நூல்களும் அறவியலாரும் நூற்றாண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வந்த இந்தக் கேள்வியைக் கணக்கியல் மாணவர் தன் முதல் பருவத்திலேயே எதிர்கொள்கிறார்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

மிசிசிப்பி மாநிலம் கிளின்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட்காம் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பெட்டி வின்சன் என்பவர் இடைநிலை அதிகாரி. 2000-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவருக்கும் அவருடைய சகாக்களுக்கும் மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மற்ற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தியதற்காகக் கொடுக்க வேண்டிய கட்டணத்துக்கு ஒதுக்கிவைத்திருந்த தொகையில் 82.8 கோடி டாலரைக் குறைத்து, அந்தக் காலாண்டின் செலவைச் சுருக்கிக் காட்ட வேண்டும். இது சரியல்ல என்று வின்சனுக்குத் தெரிந்தது. எழுதினார், பிறகு மனம் பொறுக்காமல் ராஜினாமா செய்ய நினைத்தார். தலைமை நிதி அதிகாரி ஸ்காட் சல்லிவன் அவரையும் அவருடைய சகாவையும் அழைத்து, இந்த ஒரு முறைதான், நிலைமை சீராகட்டும் என்று சமாதானம் சொன்னார். அவர் நிறுவனத்தில் பெரும் மதிப்புப் பெற்றவர். வின்சனுக்கோ குடும்பம் இருந்தது. குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடுதான் கட்டப்பட்டிருந்தது. அவர் தங்கிவிட்டார்.

ஒரு முறையோடு அது நிற்கவில்லை. 2001-இன் முதல் காலாண்டில் ஒதுக்கீட்டைக் குறைக்கவும் வழியில்லாமல் போனதும், இணைப்புக் கட்டணத்தில் 77.1 கோடி டாலரைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்கில் வைத்தார்கள். வருவாயினச் செலவு முதலினச் செலவாயிற்று. மாலை வகுப்பின் வேனும் பெட்ரோலும் போலத்தான், பூஜ்யங்கள் மட்டும் அதிகம். பற்றும் வரவும் அப்போதும் ஒத்துப்போயின. காலாண்டுக்குக் காலாண்டு இது தொடர்ந்தது.

2002-இல் உள்தணிக்கைப் பிரிவின் துணைத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவினரும் இதைத் துருவினார்கள். மேலதிகாரிகளின் கண்ணில் படாமல் இருக்க இரவில் உட்கார்ந்து பதிவுகளைப் புரட்டினார்கள். கோடிக்கணக்கான டாலர் பதிவுகளுக்கு ரசீதோ ஒப்பந்தமோ எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஜூன் மாத இறுதியில் நிறுவனம் 380 கோடி டாலர் முறைகேட்டை ஒப்புக்கொண்டது. பிறகு கணக்குப் பார்த்தபோது அது 1,100 கோடியை எட்டியது. ஜூலையில் நிறுவனம் திவால். பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை அந்த நிறுவனத்தின் பங்குகளில் போட்டுவைத்திருந்தவர்கள் அதை இழந்தார்கள்.

தலைமைச் செயல் அதிகாரி பெர்னார்ட் எபர்ஸுக்கு 25 ஆண்டுச் சிறை. அவர் தன் ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்திய பக்திமான். சல்லிவனுக்கு 5 ஆண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சியும் சொன்ன வின்சனுக்கு 5 மாதச் சிறையும் 5 மாத வீட்டுக்காவலும். மேலிடம் சொன்னதைச் செய்தேன் என்பது அவருக்கு விடுதலை வாங்கித் தரவில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையும் கவனிக்க வேண்டும். சொன்னவருக்கும் எழுதியவருக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கு சமமில்லை என்று சட்டம் தன் வழியில் அளந்து சொல்லியிருக்கிறது.

சமயங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு காரியக்காரனின் கதையைச் சொல்கிறார். எஜமான் அவனிடம் கணக்கு கேட்கிறார், வேலை போகப்போகிறது. அவன் எஜமானின் கடனாளிகளை ஒவ்வொருவராக அழைக்கிறான். நூறு குடம் எண்ணெய் தர வேண்டியவனிடம் சீட்டைக் கொடுத்து, ஐம்பது என்று எழுதச் சொல்கிறான். நூறு மரக்கால் கோதுமை தர வேண்டியவனை எண்பது என்று எழுதச் சொல்கிறான். எஜமான் அவனுடைய சாமர்த்தியத்தைப் பாராட்டியதாகக் கதை முடிவதால், உரையாசிரியர்கள் இந்த உவமையோடு காலங்காலமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். பிரசங்கங்களும் காரியக்காரனைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் கதையில் காரியக்காரன் சொல்ல மட்டுமே செய்கிறான். பொய்த்தொகையை எழுதுவது கடனாளிகளின் கை. அவர்களுடைய மனச்சாட்சியைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்வதில்லை.

குர்ஆன் அந்தக் கையைப் பற்றி நேராகவே பேசுகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. தவணை வைத்துக் கொடுக்கும் கடனை எப்படி எழுதிவைப்பது என்பதுதான் அதன் பொருள். சொல்லச் சொல்ல எழுத வைக்க வேண்டியவர் கடன் பட்டவர். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதுவதற்குச் சலிக்கக் கூடாது. சாட்சிகள் வேண்டும். கடன் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் சொல்வதோடு விடாமல், எழுதுகோல் பிடித்தவரைத் தனி ஆளாகக் கருதி அவருக்கென்று ஒரு கடமையை இந்த வசனம் வைக்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது. அவர்கள் யாருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்றும் இந்த இடத்துக்குப் பொருள் கொள்வோர் உண்டு. முதல் பொருளை எடுத்துக்கொண்டால், நேர்மையாக எழுது என்று கட்டளையிட்ட கையோடு, அப்படி எழுதுகிறவரைக் காப்பாற்றுங்கள் என்று ஊரிடமும் சொல்லியாகிவிட்டது. கடமையும் காப்பும் ஒரே மூச்சில் வருகின்றன.

எழுதுபவருக்கென்று தனிக் கடமை உண்டு என்ற சிந்தனை தமிழ்நாட்டுக் கல்வெட்டு ஒன்றிலும் இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அறிவார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்கு வர முடியாது என்ற விதியும் பரவலாகத் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத பகுதி, ஊர்க் கணக்கு எழுதுபவரைப் பற்றியது. அவர் நேர்மையாகப் பொருள் ஈட்டியவராக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைச் சபையாரிடம் ஒப்படைத்து, குற்றமில்லை என்று அவர்கள் ஏற்ற பிறகுதான் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். தான் எழுதியதைத் தானே ஒப்புவிக்க வேண்டும். அவருடைய கணக்கை முடித்துவைக்க வேறொரு கணக்கர் உள்ளே வரக்கூடாது. சபை சொன்னபடிதான் எழுதினேன், மற்றது அவர்கள் பாடு என்று கைகழுவ அந்த ஊரில் வழியில்லை.

இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விரிவாக அச்சில் ஏற்றியவரும் ஒரு துறவிதான். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸில் வெளியிட்ட 'சும்மா' என்ற பெரிய கணித நூலில் கணக்கு எழுதுவதற்கென்று 36 சிறு அத்தியாயங்கள் ஒதுக்கியிருக்கிறார். முறையைக் கண்டுபிடித்தது அவர் அல்ல. இத்தாலிய வணிகர்கள் அதற்கு இரு நூற்றாண்டுக்கு முன்பே அதைக் கையாண்டார்கள். பாச்சோலி வகுத்து எழுதினார், கூடவே தன் அறத்தையும் சேர்த்து எழுதினார். முதல் ஏடுகளுக்குச் சிலுவைக் குறி இடுங்கள், கடவுளின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள் என்கிறார். அதைப் பக்தி மரபு என்று ஒதுக்கிவிடலாம். அடுத்து அவர் சொல்வதை ஒதுக்க முடியாது. ஏடுகளை வணிகர்களுக்கான அரசு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த நாணயத்தில் எழுதப்போகிறீர்கள், யார் கையெழுத்தில் எழுதப்போகிறீர்கள் என்று பதிவு செய்யுங்கள் என்கிறார். வாங்குபவருக்கு ஓர் ஏடு, விற்பவருக்கு வேறோர் ஏடு என்று இரண்டு வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் சத்தியமும் செய்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். பாச்சோலி அதைப் பொய்ச் சத்தியம் என்றே கண்டிக்கிறார். கடவுளின் பெயர் ஏட்டின் தலையில் இருந்தால் மட்டும் போதாது, எழுதிய கை எது என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறவியின் முடிவு.

எழுதியவருக்குப் பொறுப்பு உண்டு என்பதில் இந்த மரபுகள் ஒன்றுபடுகின்றன. ஆனால் பயந்துபோய் எழுதியவருக்கு? பிள்ளைகளின் முகத்தை நினைத்து எழுதியவருக்கு? கேள்வி கடினமாவது இங்கேதான்.

கத்தோலிக்க அறவியலில் இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. எஜமான் ஒரு பெண்ணைக் கெடுப்பதற்காக இரவில் அவள் வீட்டு ஜன்னல் வழியாக ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி பிடிக்கிறான். எஜமானின் நோக்கம் அவனுக்குத் தெரியும். மறுத்தால் அடி விழும், எஜமான் முறைத்துப் பார்ப்பான், வீட்டைவிட்டுத் துரத்திவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தால் செய்தால் அது சாவான பாவமாகாது என்று சில அறவியலார் வாதிட்டார்கள். 1679-இல் போப் பதினோராம் இன்னொசென்ட் இந்தக் கருத்தை வெளிப்படையாகக் கண்டனம் செய்தார். வேலை போய்விடும் என்ற பயம் மட்டுமே ஒருவரைக் குற்றமற்றவர் ஆக்கிவிடாது என்று திருச்சபை சொல்லிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் கத்தோலிக்க அறவியலாளர் அல்போன்ஸ் லிகோரி இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துப் பார்த்தார். தீயவனின் நோக்கத்தில் நாமும் பங்குகொண்டால் அது என்றைக்கும் தவறு. நோக்கத்தில் பங்கில்லாமல், செயலில் மட்டும் ஏதோ ஒரு விதத்தில் உதவி செய்யும்படி ஆனால், இரண்டைக் கேட்க வேண்டும். நாம் செய்த செயல் தன்னளவில் தீயதா? அதைச் செய்வதற்கு, விளையும் தீமைக்கு ஈடான காரணம் இருந்ததா? கதவைத் திறந்துவிடுவது தன்னளவில் தீயது அல்ல. குதிரைக்குச் சேணம் பூட்டுவதும் அப்படித்தான். எனவே காரணத்தின் கனத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

இந்த அளவுகோலைக் கணக்கறைக்குக் கொண்டுவந்தால் ஒன்று தெளிவாகும். மோசடி நடந்த நிறுவனத்தில் மின்விளக்குகளைப் பராமரித்தவரும், கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோனவரும், பங்குதாரர்களுக்கு அறிக்கையைத் தபாலில் அனுப்பியவரும் ஏதோ ஒரு வகையில் உதவியவர்களே. அவர்கள் ஏணி பிடித்த வேலைக்காரனைவிடவும் தொலைவில் நிற்பவர்கள். ஆனால் பொய்ப் பதிவை எழுதியவர் ஏணி பிடித்தவர் அல்ல. கணக்கு மோசடியில் குற்றம் என்பதே அந்தப் பதிவுதான். மேலதிகாரியின் உத்தரவு, எழுதப்படும் வரை வெறும் விருப்பம். அதைப் பொய்யாக்கி உலகத்தில் இறக்கிவிடுவது பேரேட்டில் விழும் ஒரு வரி. அந்த வரியை எழுதுவது தன்னளவிலேயே பொய் சொல்வது. எனவே, காரணம் எவ்வளவு கனமானது என்று கேட்கும் நிலைக்கே அது போவதில்லை. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் ஜெர்மனியின் நாஜி ஆட்சியைப் பற்றி எழுதும்போது, குழந்தை கீழ்ப்படியலாம், வளர்ந்த மனிதர் 'கீழ்ப்படிந்தேன்' என்று சொன்னால் அவர் ஆதரித்தார் என்றே பொருள் என்று வாதிட்டார். கொலைக்கும் கணக்குக்கும் உள்ள தூரம் பெரிது. இருந்தாலும் தர்க்கம் இங்கேயும் செல்லும்.

அப்படியானால் எழுதிய எல்லாரும் குற்றவாளிகளா? இல்லை. தெரிந்து எழுதினார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேசையில் வந்து விழும் பில்களைத் தட்டச்சு செய்பவருக்கு, அவற்றில் ஒன்று போலி என்று தெரிய வழியில்லாமல் இருக்கலாம். இணைப்புக் கட்டணம் செலவா சொத்தா என்று புரியாதவர், சொன்ன கணக்கில் சொன்ன தொகையைப் போட்டிருக்கலாம். அறியாமல் செய்ததற்கும் அறிந்து செய்ததற்கும் சமயங்கள் பொதுவாக ஒரே தண்டனை விதிப்பதில்லை.

மாலை வகுப்பில் உட்கார்ந்திருப்பவரின் நிலைமை மாறுவது இங்கேதான். இரண்டு ஆண்டுப் படிப்பு அவருக்குக் கொடுப்பது சம்பள உயர்வு மட்டும் அல்ல. முதலினச் செலவுக்கும் வருவாயினச் செலவுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வருமானத்தை எந்தத் தேதியில் காட்ட வேண்டும், வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், தேய்மானத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. இனி 'எனக்குத் தெரியாது' என்று அவரால் சொல்ல முடியாது. படிப்பு ஒரு கையால் வேலையைக் கொடுத்து, மறு கையால் சாக்கைப் பறித்துக்கொள்கிறது. இதைப் பாடத்திட்டத்தில் யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் பட்டம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இது நடக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். சம்பளப் பட்டியல் பாடத்தில் மாணவர்கள் முதலில் படிப்பது பிடித்தங்கள். ஊழியரின் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், அதோடு வருமான வரி. பிடித்த பணம் முதலாளியுடையது அல்ல. அரசுக்காக அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஏட்டில் அது 'பொறுப்பு' என்ற தலைப்பின் கீழ்தான் போகும். ஆனால் வங்கிக் கணக்கில் அது மற்றப் பணத்தோடு கலந்தே கிடக்கும். ஒரு சிறு உணவகம் நொடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காய்கறிக்காரர் வாசலில் நிற்கிறார், வாடகை பாக்கி. முதலாளி கணக்கரிடம், "வரிப் பணத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது இவர்களுக்குக் கொடுங்கள்" என்கிறார். அவர் கெட்டவர் அல்ல. பத்துப் பேரின் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 6672-ஆம் பிரிவு இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. அப்படிப் பிடித்த வரி அரசுக்குப் போகவில்லை என்றால், யாருக்கு முதலில் பணம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் உள்ள எவரிடமிருந்தும் அந்த முழுத் தொகையையும் அபராதமாக வசூலிக்கலாம். அவர் நிறுவனத்தின் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை. காசோலையில் கையெழுத்திட்டு, எந்த பில்லைத் தீர்ப்பது என்று தானே முடிவு செய்யும் கணக்கர்கூட மாட்டிக்கொள்ளலாம். அதேசமயம், சொந்தமாக முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லாமல், சொன்ன காசோலையை அச்சிட்டுக் கொடுத்தவரை இந்தச் சட்டம் பொதுவாகத் துரத்துவதில்லை. தெரிந்திருக்க வேண்டும், அதிகாரமும் இருந்திருக்க வேண்டும் என்று இரண்டையும் அது கேட்கிறது. லிகோரியைப் போலவே வரிச் சட்டமும் உதவியவர்களைப் பிரித்துப் பார்க்கிறது.

இதுவரை பேசியது மேலிருந்து வரும் உத்தரவைப் பற்றி. மேலே யாருமே பார்க்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் டிக்சன் நகரம் சாட்சி. அதிபர் ரொனால்டு ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர், அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ 16,000. நகராட்சியின் நிதிக் கட்டுப்பாட்டாளர் ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 22 ஆண்டுகளில் 5.3 கோடி டாலருக்கு மேல் திருடினார். நகராட்சியின் பெயரில் ஒரு ரகசிய வங்கிக் கணக்கு. மாநில அரசு அனுப்பியதுபோல் போலி பில்கள். திருடிய பணத்தில் கண்காட்சிப் போட்டிகளில் பரிசு வாங்கும் குதிரைகள். பணத்தைப் பெறுவது, செலுத்துவது, பதிவது, சரிபார்ப்பது எல்லாம் ஒருவர் கையில் இருந்தது. தபாலைக்கூட அவரே எடுத்துக்கொண்டார். ஊர் அவரை நம்பியது. வெளித்தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் வந்து போனார்கள்.

2011-இல் அவர் விடுப்பில் போயிருந்தபோது, அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நகர எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் கேட்டார். தான் அறியாத ஒரு கணக்கு அதில் இருந்தது. நகராட்சிக்குச் சம்பந்தமில்லாத செலவுகள் அதில் வரிசையாக இருந்தன. அவர் மேயரிடம் கொண்டுபோனார், மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். விசாரணை முடியும் வரை மாதக்கணக்கில் அந்த எழுத்தர் ஒன்றும் தெரியாதவர்போல அதே அலுவலகத்தில் வேலை பார்த்தார். 2012 ஏப்ரலில் கிரண்ட்வெல் கைதானார், அடுத்த ஆண்டு அவருக்கு 19 ஆண்டு 7 மாதம் சிறை விதிக்கப்பட்டது.

கணக்கியல் பாடநூல்கள் இதைக் 'கடமைகளைப் பிரித்தல்' என்ற தலைப்பில் படிப்பிக்கும். பணத்தைத் தொடுபவர் ஏட்டைத் தொடக்கூடாது, ஏட்டைத் தொடுபவர் வங்கி அறிக்கையைச் சரிபார்க்கக் கூடாது. இதை மனிதர் மேல் உள்ள அவநம்பிக்கை என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. உண்மையில் மனிதரைப் பற்றிச் சமயங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை இந்த விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது: நல்லவரும் தனியாக விடப்பட்டால் தடுமாறுவார். கூடவே இன்னொன்றையும் இது செய்கிறது. கண்காணிக்கப்படும் இடத்தில் வேலை பார்ப்பவர் மேல் வீண் சந்தேகம் விழாது. உத்தரவு போடும் முதலாளியும் இரண்டு மூன்று கைகளைத் தாண்டியே பொய்யை ஏட்டில் ஏற்ற முடியும். ஒரு கணக்கர் தனியாக நின்று 'முடியாது' என்று சொல்வதைவிட, இன்னொருவரும் பார்ப்பார் என்று சொல்வது எளிது.

எழுதும் கைக்குப் பொறுப்பு உண்டு என்பது உறுதியானால், அந்தக் கையைக் காப்பாற்றும் பொறுப்பு மற்றவர்களுக்கு உண்டு என்பதும் கூடவே வர வேண்டும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பொருளைக் கையாடும் 40 வழிகளைப் பட்டியலிடுகிறது. கையாடல் சந்தேகம் எழுந்தால், பொருளை வைத்தவர், பதிந்தவர், பெற்றவர், கொடுத்தவர், கொடுக்கச் சொன்னவர், உடனிருந்தவர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கச் சொல்கிறது. பொய் சொன்னவருக்கும் தலைமை அதிகாரிக்குரிய அதே தண்டனை. இவ்வளவு கடுமையான அதே நூல், கையாடலைக் காட்டிக்கொடுத்து நிரூபிப்பவருக்கு அந்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கும், அவர் அரசு ஊழியராக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கும் தரச் சொல்கிறது. வேர்ல்ட்காம் விழுந்த சில நாட்களில் அமெரிக்கா நிறைவேற்றிய சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் மோசடியை வெளிப்படுத்தும் ஊழியரைப் பழிவாங்குவதைத் தடை செய்தது. 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டம், பத்து லட்சம் டாலருக்கு மேல் அபராதம் வசூலாக உதவும் தகவல் கொடுத்தவருக்கு அதில் 10 முதல் 30 சதவீதம் வரை வெகுமதி வைத்தது.

ஆனால் அசோசியேட் பட்டதாரிகள் பலர் போய்ச் சேரும் இடம் பங்குச் சந்தை நிறுவனம் அல்ல. உணவகம், ஒப்பந்தக்காரரின் அலுவலகம், கார் பழுது பார்க்கும் பட்டறை, சிறு தேவாலயம். உள்தணிக்கைப் பிரிவு அங்கே கிடையாது. முதலாளிதான் தணிக்கை, முதலாளிதான் மேல்முறையீடு. மனச்சாட்சியை மட்டும் அவர்களிடம் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை.

நெறிமுறை என்று தனி வகுப்பு ஒன்று வைத்து, பெரிய நிறுவனங்களின் வீழ்ச்சியைச் சொல்லி முடித்துவிட்டால் இந்தக் குறை தீராது. சம்பளப் பட்டியல் பாடம் நடக்கும் அன்றே 6672-ஆம் பிரிவைச் சொல்ல வேண்டும். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை முதலாளி பாராட்டாகக் கொடுத்தாலும், அது என்னென்ன சுமையோடு வருகிறது என்று சொல்ல வேண்டும். சந்தேகமான உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குவது எப்படி, தேதியிட்டுத் தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்வது எப்படி, முதலாளியின் வரி ஆலோசகரிடம் எப்போது பேசுவது, மாநிலத் தொழிலாளர் துறையையும் வரித் துறையையும் எப்படி அணுகுவது என்பதையெல்லாம் பிழைத்திருத்தப் பதிவுகளைப் போலவே பயிற்சியாகச் செய்ய வைக்க வேண்டும். சல்லிவன் அழைத்துச் சமாதானம் சொன்ன அந்த அறையில் வின்சனுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. 'முடியாது' என்று சொன்னால் அடுத்த திங்கட்கிழமை என்ன ஆகும், யார் கூட நிற்பார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதற்கான விடையில் ஒரு பகுதியையாவது கல்லூரிகள் தங்கள் மாணவர்களுக்குப் படிக்கும் காலத்திலேயே கொடுத்துவிட முடியும்.